கட்டிலில் உறங்கி 1755இல் விழிப்பவள்: ஓடிப்போன மூதாட்டியையும் அவள் விட்டுப்போன குழந்தையையும் எப்படி எழுதுவது?

வங்கக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் ஒரு நாவலின் நடுவில் நகர முடியாமல் நிற்கிறேன். இங்கே வரலாறு படித்தவர்களும் கதை எழுதுகிறவர்களும் இருப்பதால், கதையைச் சுருக்கமாகச் சொல்லி, என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கும் இக்கட்டை உங்கள் முன் வைக்கிறேன்.

நாயகி இன்றைய கேப் டவுனில் வாழும் இருபத்தெட்டு வயதுப் பெண். அவளுடைய குடும்பப் பெயர் செப்டம்பர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 'கேப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை ஆண்ட நாளில், விலைக்கு வாங்கிய மனிதரிடம் அவர் பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றவில்லை. ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் என்று ஒரு மாதத்தின் பெயரையோ, குப்பிடோ, அப்பொல்லோ என்று ஒரு பழைய தெய்வத்தின் பெயரையோ சூட்டி, அதற்குப் பின்னால் இன்ன கரையைச் சேர்ந்தவர் என்று ஓர் ஊர்ப்பெயரை ஒட்டிவிட்டார்கள். அந்த மாதப் பெயர்கள் குடும்பப் பெயர்களாகி இன்றும் அங்கே வழங்குகின்றன.

நாயகியின் பாட்டி இறந்தபின் அவள் பங்குக்கு வருவது, மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய ஒரு பழைய கட்டில் மட்டுமே. அதில் உறங்கும் முதல் இரவிலேயே அவள் 1755ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறாள். ரைக் துல்பாக் ஆளுநராக இருந்த காலம் அது. ஒரு டச்சுக் குடியேறியின் வீட்டுப் பின்கட்டில் அவள் கண் விழிக்கும்போது, எதிரே ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏட்டில் அந்தப் பெண்ணின் பெயர் 'ஃபுளோரா வான் கொரமாண்டல்', அதாவது சோழமண்டலக் கரையின் ஃபுளோரா. நாகப்பட்டினத்தில் சிறுமியாக விற்கப்பட்டவள். இலங்கையின் காலித் துறையிலிருந்து தாய்நாடு திரும்பும் கப்பலில் ஒரு கம்பெனி அதிகாரி அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். நெதர்லாந்து மண்ணுக்கு அடிமைகளைக் கொண்டுவரக் கம்பெனி இடம் கொடுக்காததால், வழியிலேயே கேப்பில் விற்றுவிட்டுப் போய்விட்டார். இவளே என் நாயகியின் பத்தாம் தலைமுறைப் பாட்டி.

நாயகி தன் காலத்தில் குடும்ப மரத்தைத் தேடிப் பார்த்தவள். வீட்டுத் தலைவர் இறந்தபோது எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் 'ஃபுளோராவும் அவள் குழந்தையும்' என்று இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய விதவை இறந்தபோது எடுத்த பட்டியலில் குழந்தை மட்டும் இருக்கிறது. தாய் விற்கப்பட்டதற்கும் சீட்டு இல்லை, இறந்ததற்கும் குறிப்பு இல்லை. (இந்த இரண்டு பட்டியல்களும் என் கற்பனை, உண்மையான பட்டியல்களின் அமைப்பைப் பார்த்து உருவாக்கினேன்.) அவள் ஓடிப்போனாள் என்பதுதான் நாவலின் முடிச்சு.

இப்போது என் கேள்விகள் இரண்டு. ஒன்று, அந்த முனையிலிருந்து ஓடிய ஒருவருக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்ததா? இரண்டாவதுதான் என்னை உறங்க விடாதது. நாயகி வழிகாட்டினால் ஃபுளோரா தப்பிவிடுவாள். ஆனால் அவள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அந்தக் குழந்தை கேப் வீட்டில் வளர்ந்து, அதன் வழியாக வரும் என் நாயகி பிறக்கவே மாட்டாள். குழந்தையை விட்டுவிட்டுப் போ என்று ஒரு தாயிடம், தன் பிறப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, ஒருத்தி சொல்லலாமா? சொன்னால் அவளை நான் எப்படி நேசிப்பேன்? சொல்லாவிட்டால் கதையை யார் சொல்வது?

ஏடகத்தான் எழுதியது:

வணக்கம். முதலில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் கதையின் அடித்தளத்தையே தொடுகிறது. குழந்தை ஆணா பெண்ணா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆணாக வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அங்கே நடைமுறையில் இருந்த ரோமானிய-டச்சுச் சட்டத்தின்படி, பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைத் தொடர்ந்தது. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தது, தகப்பன் யாராக இருந்தாலும், தாயின் உரிமையாளருக்கே சொந்தம். அடிமைகளுக்குச் சட்டப்படியான திருமணம் அந்நாளில் கிடையாது. ஆகவே தகப்பன் பெயர் ஏட்டில் ஏறவில்லை. ஓர் ஆண் குழந்தையிலிருந்து கீழே இறங்கி வர உங்கள் நாயகிக்கு ஏட்டில் வழியே இருக்காது. பெண் குழந்தையாக இருந்தால், 1816இல் ஆங்கிலேயர் தொடங்கிய அடிமைப் பதிவேடு வரை வந்து சேரலாம். அந்த மகளுக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி மூவரையும் ஒரே உரிமையாளரின் பெயருக்குக் கீழே நீங்கள் காட்டலாம். 'செப்டம்பர்' என்பது அந்தப் பரம்பரையில் பின்னால் பிறந்த ஒரு பையனின் பெயராக இருந்து, விடுதலைக்குப் பிறகு குடும்பப் பெயராகியிருக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கேப்பில் பிறந்த குழந்தைக்குத் தாயின் ஊர் ஒட்டாது. தாய் கொரமாண்டலைச் சேர்ந்தவள். மகள் 'வான் டி காப்', கேப்பைச் சேர்ந்தவள். ஒரே தலைமுறையில் சோழமண்டலம் ஏட்டிலிருந்து அழிந்துவிடுகிறது. 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்றும், அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நம் கரையின் பஞ்சங்கள் இதற்கு எவ்வளவு தீனி போட்டன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து தாக்கியபோது டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கானோரை வாங்கிப் பெரும்பாலும் இலங்கைக்கு அனுப்பினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் 1687 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் 665 பேரைக் கப்பலேற்றினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ரோலண்ட் தெருவில் இருக்கும் மேற்குக் கேப் ஆவணக் காப்பகத்தில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டடம் பழைய சிறைச்சாலையின் மதிலுக்குள்ளே கட்டப்பட்டது. பென்சிலைத் தவிர வேறு எதையும் உள்ளே எடுத்துச் செல்ல முடியாது. அநாதைக் குழந்தைகளின் சொத்தைப் பாதுகாப்பதற்காக இருந்த மன்றத்தின் பட்டியல்களைப் புரட்டினேன். எழுத்தர் வீட்டுக்குள் அறை அறையாக நடக்கிறார். நாற்காலிகள், செம்புப் பானைகள், மெழுகுவத்தித் தண்டுகள் என்று எழுதிக்கொண்டே வருகிறார். கை ஓயாமல் அதே சாய்வெழுத்தில் மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. அதற்கடுத்த வரியில் உழவு மாடுகள். மையின் அழுத்தத்தில்கூட வேறுபாடு இல்லை. அன்று மாலை வெளியே வந்து வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

சட்ட வழியில் விடுதலை கிடைக்காதா என்று யாராவது கேட்கக்கூடும். வங்காளத்து அஞ்சலா 1666இல் விடுவிக்கப்பட்டு 1669இல் ஓர் ஐரோப்பியக் குடியேறியை மணந்துகொண்டார். இன்று தம்மை வெள்ளையர் என்று சொல்லிக்கொள்ளும் பல ஆப்பிரிக்கானர் குடும்பங்களுக்கு அவர் மூதாட்டி. அது தொடக்க காலம். பதினெட்டாம் நூற்றாண்டில் விடுதலை பெற்றவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. மலபாரின் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் தொகுப்பித்த அதே வான் ரீடே 1685இல் அங்கே வந்து, ஐரோப்பியத் தகப்பனுக்குப் பிறந்த கம்பெனி அடிமைகள், டச்சு மொழியும் திருச்சபை உறுப்புரிமையும் பெற்றிருந்தால், பெண்கள் 22 வயதிலும் ஆண்கள் 25 வயதிலும் விடுதலை கோரலாம் என்று விதித்தார். அதுவும் கம்பெனியின் அடிமை விடுதியில் இருந்தவர்களுக்குத்தான். தனியார் வீட்டு ஃபுளோராவுக்கு அது எட்டாது.

இனி, உங்கள் நாவலைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. அந்த ஏடுகளில் அடிமைகள் தாமே பேசும் இடம் ஒன்றுதான் உண்டு: நீதி மன்றத்தின் குற்ற வழக்குகள். ஏன் ஓடினாய், யார் சோறு கொடுத்தார், எந்தக் குகையில் படுத்தாய் என்று கேட்கிறார்கள்; அவர்கள் சொன்ன பதில், டச்சு மொழியில், படர்க்கையில், எழுத்தரின் கையால் இறங்குகிறது. அதாவது பிடிபட்டவர்கள்தாம் ஏட்டில் பேசுகிறார்கள். ஓடி வென்றவர்களைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. உங்கள் இரண்டாம் பட்டியலில் ஃபுளோரா இல்லை என்பதை ஓர் இடைவெளியாக நினைத்து நிரப்பப் பார்க்கிறீர்கள். விற்ற சீட்டும் இல்லை, இறந்த குறிப்பும் இல்லை, வழக்கும் இல்லை என்றால், அந்த ஏடுகளில் ஒருத்திக்கு அதைவிட நல்ல பக்கம் இருக்க முடியாது. நாயகி காப்பகத்தில் அந்தப் பெயரைத் தேடிக் காணாமல் அழுகிறாள் என்று முதல் அத்தியாயத்தில் எழுதுங்கள். அவள் திரும்பி வந்து அதே இடத்தை மறுபடி பார்க்கும்போது என்ன செய்கிறாள் என்பது உங்கள் கையில்.

தென்திசையன் எழுதியது:

வங்கக்கரை அவர்களின் முதல் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். அந்தக் கடற்கரையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் நிலமும் வானமும் கொஞ்சம் தெரியும்.

நாயகி விழித்ததும் முதலில் கழற்ற வேண்டியது காலணியை. அங்கே அடிமைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். காலில் செருப்பு இருப்பதே விடுதலை பெற்றவரின் அடையாளம். பழுப்பு நிறத்துப் பெண்ணொருத்தி செருப்போடு தெருவில் போனால் அவள் யாருடையவள் என்ற கேள்வி உடனே எழும். பதில் சொல்ல அவளிடம் சீட்டு வேண்டும். துல்பாக் 1754இல் தொகுத்த விதிகளின்படி, இரவு பத்து மணிக்கு மேல் உரிமையாளர் உடன் இல்லாமல் வெளியே போகும் அடிமை கையில் விளக்கு வைத்திருக்க வேண்டும். இரவில் பாடக்கூடாது, சீழ்க்கை அடிக்கக்கூடாது. ஆராதனை நடக்கும்போது தேவாலய வாசலில் கூடி நிற்கக்கூடாது. உரிமையாளரை அடித்தால் மரணம். விளக்கைப் பற்றிய விதியை நன்றாகக் கவனியுங்கள். இருட்டு ஓடுகிறவரின் துணை என்பதால்தான் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. தப்பிப் போகும் இரவில் ஃபுளோரா விளக்கை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் தைரியமாக நடந்துவிட்டு, கடைசி வீட்டைத் தாண்டியதும் அதை அணைக்கட்டும்.

அடுத்தது, உங்கள் ஆண்டு. 1755இல் கேப்பைப் பெரியம்மை தாக்கியது. 1713, 1755, 1767 என்று அந்த நூற்றாண்டில் மூன்று முறை அது அங்கே வந்து பெருந்தொகையானோரைக் கொண்டுபோயிற்று. உங்கள் நாயகிக்கு இருபத்தெட்டு வயது என்கிறீர்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பிறகு பிறந்தவளுக்கு அந்தத் தடுப்பூசி போடப்பட்டிருக்காது. ஃபுளோரா நாகப்பட்டினத்திலேயே அம்மை கண்டு தேறியவளாக, முகத்தில் தழும்போடு இருக்கலாம். ஆகவே அந்த வீட்டில் சாவுக்கு அஞ்ச வேண்டியவள் எதிர்காலத்திலிருந்து வந்தவள்தான். அவளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடியவள் பாட்டி. வீட்டுத் தலைவர் அந்த நோயில் இறந்திருந்தால் உங்கள் முதல் பட்டியலுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

எங்கே போவது? மேசை மலையிலேயே ஒளிந்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் மூட்டிய நெருப்பு இரவில் கீழே நகரத்துக்குத் தெரிந்தது. கப்பல்களில் ஒளிந்து போனவர்கள் உண்டு. வடக்கே ஆரஞ்சு ஆறு வரை நடந்தவர்களும் உண்டு. உங்கள் கதைக்கு ஏற்ற இடம் ஹாங்க்ளிப் என்பேன். ஃபால்ஸ் விரிகுடாவின் கிழக்கு முனையில், கடலை நோக்கித் தொங்குவது போல நிற்கும் மலை அது. அதன் குகைகளில் ஓடிப்போனவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இடையிடையே வாழ்ந்தார்கள். மீனும் சிப்பியும் பிடித்தார்கள். பண்ணைகளின் ஆடுகளைக் கவர்ந்தார்கள். மேய்ச்சலில் இருந்த அடிமைகள் அவர்களுக்குச் செய்தியும் ரொட்டியும் கொடுத்தார்கள். 1730களில் சுலவேசித் தீவைச் சேர்ந்த லியாண்டர் புகிஸ் அவர்களுக்குத் தலைவராக இருந்தார். 1736இல் கேப் டவுன் நகருக்குத் தீ வைத்தது அவர் கூட்டமே. ஓடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு ஓடிய பெண்கள் மிக அரிது. ஃபுளோரா குழந்தையை விட்டுச் செல்வதற்கு உங்கள் நாயகி காரணமாக இருக்க வேண்டியதில்லை. மணல்மேடும் குளிர்கால மழையும் வேட்டைக்காரர்களும் போதுமான காரணங்கள்.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தப்பியவர்கள் துருவ நட்சத்திரத்தை நோக்கி வடக்கே நடந்தார்கள். கேப்பில் துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது. அது அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆனால் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்த சிறுமி மார்கழி, தை மாத இரவுகளில் தெற்கே தாழ நின்ற அகத்தியர் மீனை, அதாவது கனோபஸ் என்ற விண்மீனை, பார்த்திருப்பாள். கேப்பின் குளிர்காலத்தில், ஜூலை மாதத்தில், விடிவதற்கு முன் அந்த மீன் தென்கிழக்கில் நிற்கும். நகரத்திலிருந்து ஹாங்க்ளிப் இருக்கும் திசையும் அதுவே. பெயர் பறிக்கப்பட்ட பெண்ணுக்குப் பெயர் தெரிந்த ஒன்று வானத்தில் வழிகாட்டுகிறது என்பதை நீங்கள் விட்டுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பவளவல்லி எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் வரலாற்று மாணவி அல்ல. இரண்டாவது கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வங்கக்கரை ஐயா, உங்கள் நாயகி சொல்வதா வேண்டாமா என்று தவிக்கிறீர்கள். முடிவெடுக்கும் உரிமை அவளிடம் இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதிலிருந்துதான் இந்தத் தவிப்பு பிறக்கிறது. ஃபுளோரா அந்த வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவள். எந்த நாய் குரைக்கும், எந்தக் கதவு முனகும், எந்த மேய்ப்பன் நம்பத்தக்கவன் என்பது அவளுக்குத் தெரியும். படித்தவள் என்பதால் எதிர்காலத்துப் பெண் வந்து வழிகாட்டினாள் என்று எழுதினால், தப்பியவளின் துணிவையும் நாம் அவளிடமிருந்து பறித்துவிடுகிறோம். பெயரைப் பறித்தவர்களின் வரிசையில் நாமும் நிற்கக்கூடாது.

நம் மரபில் இந்தக் கதைக்கு ஓர் உறவுக்கதை உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த ஆளோலை இது, அவனும் அவன் வழிவருவோரும் எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிட, நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். சிறு வயதில் கேட்டபோது முடிவில் வந்தவர் இறைவன் என்பதே என் மனத்தில் நின்றது. இப்போது வேறொன்று நிற்கிறது: பாட்டன் எழுதிய ஓர் ஓலை பேரனைக் கட்டும் என்பதை அந்தச் சபை வியக்கவில்லை. கையெழுத்து மெய்யா பொய்யா என்றே ஆராய்ந்தது. உங்கள் நாயகி அந்த ஓலைக்கு எதிர்த்திசையில் நடக்கிறாள். பேத்தி பாட்டியிடம் போய் நிற்கிறாள்.

அவள் போய் நிற்பதே ஒரு செய்தி அல்லவா? ஃபுளோரா அவள் முகத்தைப் பார்க்கிறாள். தன் தாயின் நெற்றியோ தன் மூக்கோ அங்கே இருக்கிறது. இது யார் என்று புரிந்துகொள்ளும் அந்தக் கணத்தில், தன் குழந்தை பிழைத்தது, பெரியம்மைக்கும் பசிக்கும் தப்பி வளர்ந்தது, அதற்குப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது. விட்டுப் போ என்று நாயகி சொல்லவே வேண்டியதில்லை. போனாலும் குழந்தை வாழும் என்பதற்கு அவளே அத்தாட்சி. அதன் பிறகு தாய் எடுக்கும் முடிவு தாயின் முடிவு.

இன்னொரு சிறு செய்தி. நீங்கள் தமிழில் 'கட்டில்' என்று எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். அந்தக் குடும்பம் வீட்டில் பேசுவது ஆப்பிரிக்கான்ஸ் மொழியாக இருந்தால், மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய அந்தப் படுக்கையை அவர்கள் 'கட்டெல்' என்பார்கள். அது நம்முடைய சொல். மலாய், போர்த்துகீசிய வாய்களில் புகுந்து, டச்சுக் கம்பெனியின் கப்பல்களில் ஏறி, மாட்டு வண்டிக்குள் போடும் படுக்கையின் பெயராக அங்கே நிலைத்துவிட்டது. உங்கள் நாயகிக்குத் தமிழ் தெரியாது. ஃபுளோராவுக்கு ஆப்பிரிக்கான்ஸ் தெரியாது, அன்று அந்த மொழி டச்சிலிருந்து இன்னும் முழுதாகப் பிரியவும் இல்லை. அடிமைகள் தமக்குள் பேசியது போர்த்துகீசியக் கலப்பு மொழியும் மலாயும் உடைந்த டச்சும். இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு சொல் இருக்கிறது, அதன் மேல்தான் நாயகி உறங்கினாள்.

ஏடகத்தான் எழுதியது:

பவளவல்லி அம்மா சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். குழந்தை வாழும் என்பது உண்மை. ஆனால் அது அடிமையாக வாழும். கேப்பில் விடுதலை நாள் 1834 டிசம்பர் 1. அன்று கணக்கில் வந்த 35,000க்கும் மேற்பட்டோரும் உடனே வெளியேறவில்லை. பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 டிசம்பர் வரை பழைய உரிமையாளரிடமே வேலை செய்தார்கள். பிரிட்டிஷ் அரசு தன் பேரரசு முழுவதற்குமாக ஒதுக்கிய இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு உரிமையாளர்களுக்குத்தான் போயிற்று. 1754இல் பிறந்த மகள் அந்த நாளைப் பார்க்க வேண்டுமானால் எண்பது வயது வரை இருந்திருக்க வேண்டும். உங்கள் நாயகி தன் முகத்தைக் காட்டும்போது, பாட்டி கேட்கப்போகும் அடுத்த கேள்வி, 'என் மகள் யாருக்கும் சொந்தமில்லாதவளாக இருந்தாளா?' என்பதே. அங்கே நாயகி பொய் சொல்லக்கூடாது. அவள் உண்மையைச் சொன்ன பிறகும் ஃபுளோரா போகிறாளா என்பதில்தான் நாவல் நிற்கிறது.

வங்கக்கரை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழந்தை இனிப் பெண். செருப்பும் விளக்கும் அகத்தியர் மீனும் உள்ளே வந்துவிட்டன. நான் பயந்து ஒதுக்கிவைத்திருந்த அந்த அத்தியாயத்தை நேற்று இரவு எழுதத் தொடங்கினேன்.

நாயகி வழிகாட்டுவதில்லை. ஃபுளோரா ஏற்கெனவே நாள் குறித்துவிட்டவள். ரொட்டியைத் துணியில் முடிந்து விறகுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறாள். போகாமல் அவளைத் தடுத்துக்கொண்டிருப்பது குழந்தை. நாயகி அவள் முன் உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணி, எத்தனை தலைமுறை கழிய வேண்டும் என்று காட்டுகிறாள். மகளும் பேத்தியும் விடுதலையைப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் அதே விரல்களில் மடக்கிக் காட்டுகிறாள். ஃபுளோரா அழவில்லை. அந்த மடங்கிய விரல்களைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருக்கிறாள். பிறகு குழந்தையைத் தூக்கி நாயகியின் மடியில் வைத்துவிட்டு, விடியும்வரை அதை உறங்க வைக்கும் வேலையை அவளிடம் ஒப்படைக்கிறாள். பேத்தி தன் பத்தாம் தலைமுறைப் பாட்டியின் மகளை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் விளக்கு போகிறது; பின்னர் அது அணைகிறது.

ஃபுளோராவின் உண்மைப் பெயரை நாவலில் சொல்லப் போவதில்லை. அவள் அதைக் குழந்தையின் காதில் சொல்கிறாள், நாயகிக்குக் கேட்கவில்லை. ஏடகத்தான் ஐயா காட்டிய அந்த வெற்றுப் பக்கத்துக்கு நான் செய்யும் மரியாதை அது என்று நினைக்கிறேன். ஆனால் போவதற்கு முன், பின்கட்டில் கிடந்த தோல்வார்ப் படுக்கையின் சட்டத்தைத் தொட்டு 'கட்டில்' என்கிறாள். நாயகி தன் பாட்டியின் உச்சரிப்பில் 'கட்டெல்' என்கிறாள். இருவரும் மறுபடியும் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறார்கள்.

ஒரே ஓர் உதவி இன்னும் தேவைப்படுகிறது. நம் ஊர்க் கயிற்றுக்கட்டிலில் கயிறு தளர்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுவார்கள். ஈரத் தோல்வாரால் பின்னிய கட்டிலை எப்படி இறுக்குவார்கள், காய்ந்தபின் அது என்ன ஒலி எழுப்பும் என்பது தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஃபுளோரா முதல் அத்தியாயத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்.